ஒரு மணிக்கு மாறும் நாற்காலி

என் அக்காவுக்கு ஆபீசில் பெயர் கிடையாது. அங்கே அவள் ‘காலை’. அவளுக்கு அடுத்து வந்து உட்காருகிறவள் ‘மதியம்’. ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமில் மொத்தம் நான்கு நாற்காலி. ஜன்னல் ஓரத்தில் இருந்த கடைசி நாற்காலியை இவர்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். “காலை கிளம்பியாச்சா?” என்று ஒரு டிரைவர் ரேடியோவில் கேட்பார். “மதியம் வந்தாத்தானே காலை கிளம்பும்!” என்று இன்னொருவர் பதில் சொல்வார். தினமும் அதே ஜோக்தான். தினமும் யாராவது சிரிப்பார்கள்.

அந்த வேலையில் பகல் ஷிப்ட் என்றால் காலை ஏழிலிருந்து ராத்திரி ஏழு வரை. குழந்தை பிறப்பதற்கு முன்னால் எட்டு வருஷம் அக்கா அப்படித்தான் உட்கார்ந்தாள். குழந்தை பிறந்ததும் முடியாமல் விட்டுவிட்டாள். அத்தான் லாரி டிரைவர். வாரத்தில் ஐந்து நாள் ரோட்டில் இருப்பவர். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நாலு வருஷம் கழித்து, ஒரு பன்னிரண்டு மணி நேரத்தை இரண்டு பெண்களுக்குப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று ஒரு உத்தரவு வந்தபோது, முதல் ஆளாய்ப் போய் மனு கொடுத்தவள் அக்கா. உத்தரவில் ‘சோதனை முறையில்’ என்று ஒரு வார்த்தை இருந்தது. “என் பொழப்பே சோதனை முறையிலதான்டி ஓடுது” என்றாள் என்னிடம், போனில். நான் இருப்பது வேறு ஊர். ஒரு ராத்திரி பஸ் பயணம். அதனால் அவள் வாழ்க்கையில் பாதியை நான் காதால்தான் கேட்டிருக்கிறேன்.

அவள் ஏற்பாடு இதுதான். ஆறேகாலுக்குப் பாப்பாவை எழுப்பிச் சீருடை மாட்டி, மாடியில் இருக்கும் டெய்லரம்மாவிடம் விடுவாள். எட்டரைக்கு டெய்லரம்மா வேனில் ஏற்றிவிடுவார். ஒரு மணிக்கு மதியம் வந்து உட்காருவாள். அக்கா பஸ் பிடித்து ஒன்றே முக்காலுக்குப் பள்ளிக்கூட கேட்டில் நிற்பாள். ஏதாவது ஒரு கண்ணி கழன்றாலும் அத்தனையும் அவிழ்ந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். பன்னிரண்டரை ஆனாலே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன் என்பாள். ஆனால் குரல் மட்டும் அசையாது. “பதறாதீங்க, வண்டி கிளம்பிடுச்சு, நான் லைன்லயேதான் இருக்கேன்” என்று அவள் சொன்னால் எதிரே அழுகிறவர்கள் மூச்சை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். அந்தக் குரலுக்காகத்தான் அவளைத் திரும்ப எடுத்தார்கள்.

அந்த அறையில் மாறவே மாறாத விதி ஒன்று உண்டு. அடுத்த ஆள் வந்து உட்காரும் வரை ஹெட்போனைக் கழற்றக் கூடாது. நாற்காலி ஒரு நிமிஷம் காலியாக இருந்தாலும் எங்கேயோ ஒரு போன் எடுக்கப்படாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

மதியம் வழக்கமாக ஒன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்துவிடுவாள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறது, எது டீசல் போடப் போயிருக்கிறது என்று அக்கா ஒப்படைப்புத் தாளைப் பார்த்து வாயால் சொல்லுவாள். நடுநடுவே வீட்டுக்கதையும் ஓடும். மதியத்தின் வீட்டில் மாமனார் படுத்த படுக்கை. அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா தினமும் பன்னிரண்டு மணிக்கு வருவாள். இரண்டு பேரும் ஒன்றரை வருஷமாக ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் மட்டுமே பழகினார்கள். ஒருவர் வீட்டை மற்றவர் பார்த்ததில்லை. ஆனாலும் மாமனாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். பாப்பாவுக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பது மதியத்துக்குத் தெரியும்.

ஒரு புதன்கிழமை மதியம் வரவில்லை.

ஒரு மணி ஆயிற்று. ஒன்று பத்து. அவள் போன் அணைந்திருந்தது. அக்கா மற்ற நாற்காலிகளைப் பார்த்தாள். மூன்று பேரும் போன் பேச்சில் இருந்தார்கள். சூப்பர்வைசர் மேடம் தலைமை ஆபீசில் கூட்டத்துக்குப் போயிருந்தார். குளியலறையில் விழுந்த ஒரு பெரியவர், எதையோ விழுங்கிவிட்ட ஒரு குழந்தை என்று அழைப்புகள் விடாமல் வந்தன. ஒன்று நாற்பதுக்கு ஒரு ஆள், காரில் மனைவிக்குப் பிரசவ வலி, ரோட்டோரம் நிறுத்திவிட்டேன், தலை தெரிகிறது என்று கத்தினான்.

“சரிங்க. முதல்ல நீங்க கத்தறதை நிறுத்துங்க. கார்ல சுத்தமான துணி ஏதாவது இருக்கா?”

“என் சட்டைதாங்க இருக்கு.”

“அதைக் கழட்டுங்க. தலையை இழுக்காதீங்க, கையை வச்சுத் தாங்கிக்கிட்டா போதும். நான் சொல்றேன், நீங்க செய்யுங்க.”

சொல்லிக்கொண்டே கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. ஒன்று நாற்பத்தைந்து. பாப்பா இப்போது பையை மாட்டிக்கொண்டு கேட் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒன்று ஐம்பத்தைந்துக்குப் போனில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அந்த ஆளும் அழுதான். வண்டி போய்ச் சேர்ந்தது. அக்கா ஒரு கையால் தன் செல்போனை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. டெய்லரம்மாவுக்கு அடித்தாள். நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தவர் அந்த இரைச்சலில் கேட்காமல் விட்டுவிட்டார். அதற்குள் அடுத்த அழைப்பு. “ஆம்புலன்ஸ் சேவை, சொல்லுங்க.” யார் பெற்ற பிள்ளைக்கோ வழி கேட்டுக்கொண்டிருக்கிறேன், நான் பெற்றது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்று அந்த நேரம் தோன்றியதாம்.

இரண்டு நாற்பதுக்கு மதியம் ஓடிவந்தாள். தலை கலைந்து, ஒரு காலில் செருப்பு வார் அறுந்து, வியர்வையில் நனைந்து. ஆயா வரவில்லை. தகவலும் இல்லை. மாமனாரைத் தனியே விட முடியாது. கணவர் இருக்கும் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கடைசியில் தெருவில் யாரோ ஒருவரைக் கெஞ்சி உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாள். போனில் சார்ஜ் இல்லை.

“மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க” என்றபடி தாளில் நேரம் எழுதப் போனாள். இரண்டு நாற்பது.

அக்கா ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டினாள். “ஒண்ணுன்னே போடு. ரெண்டு நாப்பதுன்னு போட்டா நம்ம ரெண்டு பேர் கதையும் முடிஞ்சுது. கையெழுத்துப் போடு, நான் ஓடறேன்.”

ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று பத்து. கேட் பூட்டியிருந்தது. பெஞ்சில் யாரும் இல்லை. வாட்ச்மேன் உள்ளேயிருந்து மெதுவாக நடந்து வந்தார்.

“பாப்பாவா? யாரோ ஒரு அம்மா கூட்டிட்டுப் போனாங்களே.”

“யாரு? எந்த அம்மா?”

“தெரியலைங்க. பாப்பா அவங்க கையைப் பிடிச்சிட்டுத்தான் போச்சு.”

அடுத்த அரைமணி நேரத்தைப் பற்றி அக்கா என்னிடம் இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை. அந்தத் தெருவில் இருந்த ஒவ்வொரு கடையிலும் கேட்டிருக்கிறாள். தினமும் மற்றவர்களிடம் ‘என்ன நிறச் சட்டை, எவ்வளவு உயரம்’ என்று கேட்டுப் பழகியவளுக்கு, கடைக்காரர் கேட்டபோது அன்று காலையில் பாப்பாவுக்கு என்ன ரிப்பன் கட்டினோம் என்பது ஞாபகம் வரவில்லையாம். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாள். மூன்று நாற்பதுக்கு அவள் போன் அடித்தது. பாப்பாவோடு படிக்கும் ஒரு குழந்தையின் அம்மா. “ரொம்ப நேரமா உட்கார்ந்திருந்தாளேன்னு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். உங்க நம்பர் தேடறதுக்கு இவ்வளவு நேரமாயிடுச்சு.” அக்கா போய் நின்றபோது பாப்பா தரையில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். “அம்மா, இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வந்திருக்கலாம்ல?” என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதவே மாட்டேன்.

மாசா மாசம் இருபதாம் தேதி வாக்கில் சூப்பர்வைசர் மேடம் அழைப்புகளின் பதிவைச் சரிபார்ப்பார். யார் பேசினார்கள் என்பது அவரவர் ஊழியர் எண்ணோடு பதிவாகும். தாளில் ஒரு மணிக்கே மதியம் உட்கார்ந்துவிட்டாள். பதிவிலோ இரண்டு நாற்பது வரை பேசியது காலை. மேடம் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முப்பது வருஷம் அதே இடத்தில் வேலை பார்த்தவர். பன்னிரண்டு மணி நேர ஷிப்டிலேயே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர்.

“நாங்கல்லாம் வளர்க்கலையா?” என்றுதான் ஆரம்பித்தார். பிறகு தாளைத் தள்ளிவைத்தார். “லேட்டானது கூடப் பெரிசில்ல. பொய் எழுதினீங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. இந்த மாசத்தோட பாதிநாள் ஏற்பாடு கிடையாது. அந்த சீட்டுக்கு முழுநாள் ஒரே ஆள்தான். நீங்க சீனியர், அதனால முதல்ல உங்களைக் கேட்கிறேன். பத்து நாள் டைம். சம்மதம்னா எழுதிக் கொடுங்க.”

“அவங்க?”

“அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

அன்று சாயந்திரம் அக்கா எனக்குப் போன் செய்தாள். பின்னணியில் பாப்பா வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், “கையெழுத்துப் போட்டுரு. அவ லேட்டா வந்ததாலதானே இவ்வளவும்? உன்னை நினைச்சுப் பார்த்தாளா அவ?” என்றேன். நினைத்துப் பார்த்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அக்கா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பன்னிரண்டரைக்கே மதியம் வந்துவிட்டாள். அதற்கடுத்த நாளும். அவளிடமும் மேடம் பேசிவிட்டார், அவளையும் அதே பத்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்பது அக்காவுக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சீக்கிரம் வருவது பயத்தில் வருவதா, நல்ல பெயர் எடுக்க வருவதா? “அவ பையைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சம்மத லெட்டர் வெளிய வருதான்னு பார்க்கிறேன்டி. அசிங்கமா இருக்கு” என்றாள். மாத்திரைக் கதையும் பல் கதையும் நின்றுபோயின. வண்டி விவரம் வாயால் சொல்வதும் நின்றது. அக்கா தாளை நகர்த்துவாள், மதியம் எடுத்துக்கொள்வாள். நாற்காலி சூடு ஆறுவதற்குள் ஒருத்தி எழுந்து இன்னொருத்தி உட்காருவாள், ஒரு வார்த்தை இல்லாமல். டிரைவர்கள் கூட ஜோக்கை விட்டுவிட்டார்கள்.

அக்கா தூங்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. முழுநாள் என்றால் ஏழு மணி வரை பாப்பாவை யார் பார்ப்பது? டெய்லரம்மாவுக்கே முட்டிவலி. வேண்டாம் என்றால் வேலை போகும். இன்னொரு நாலு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் யார் திரும்ப எடுப்பார்கள்? அத்தான் எங்கோ நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து பேசினார்: “நான் வேணா உள்ளூர் வண்டிக்கு மாறிடட்டுமா? வருமானம் பாதியாயிடும். ஆனா சாயந்திரம் வீட்ல இருப்பேன்.” அவர் சொன்னதே பெரிசு. ஆனால் அது உடனே நடக்கிற காரியமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏழாம் நாள் அக்கா ஒரு வெள்ளைத்தாளில் ‘முழுநாள் பணிக்குச் சம்மதம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மடித்துக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் கூட.

எட்டாம் நாள் ஒரு வண்டியின் டயர் பஞ்சர். பட்டறையில் நின்றது. அக்கா அதைத் தாளில் குறித்தாள். ஆனால் பக்கத்து வண்டிக்கு உரிய வரிசையில் குறித்துவிட்டாள். வாயால் சொல்லியிருந்தால் சொல்லும்போதே தெரிந்திருக்கும். சொல்லவில்லை. மதியமும் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்று ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. திரையிலும் தாளிலும் பார்த்தால், அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது பஞ்சரான அந்த வண்டிதான். மதியம் அதை அனுப்பினாள். “நான் பட்டறையில ஜாக்கி மேல நிக்கிறேன் மேடம்” என்றார் டிரைவர். வேறு வண்டி போய்ச் சேர எட்டு நிமிஷம் அதிகமாயிற்று.

சாயந்திரம் ஏழேகாலுக்கு அக்காவின் போன் அடித்தது. மதியம் அவளோடு போனில் பேசுவது அதுதான் முதல் தடவை.

“அவர் எப்படி இருக்கார்?” என்றாள் அக்கா, எடுத்த எடுப்பில். டிரைவர் ஒருவர் சொல்லி விஷயம் அவளுக்கு வந்திருந்தது. நாலு மணியிலிருந்து அடுப்படியில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

“பிழைச்சுட்டார். ஐசியூல இருக்கார். இப்பத்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.” பிறகு மதியமே சொன்னாள்: “அக்கா, நாம எட்டு நாளா பேசிக்கலை. அதனாலதான் இது ஆச்சு.”

“தப்பா குறிச்சது நான்.”

“கேட்காம உட்கார்ந்தது நான்.” பிறகு, “நீங்க எழுதிட்டீங்களா?” என்று கேட்டாள்.

அக்காவுக்குப் பொய் சொல்ல வாய் வந்ததாம். “எழுதிட்டேன். கொடுக்கலை. பையில இருக்கு.”

மதியம் சொன்னாள்: “நான் ரெண்டு தடவை எழுதினேன். ரெண்டு தடவையும் மாமனார் கூப்பிட்டார்னு எழுந்து போய்ட்டேன். திரும்பி வந்து பார்த்தா எனக்கே என்னைப் பிடிக்கலை. கிழிச்சுட்டேன். நான் நல்லவன்னு சொல்லலைக்கா. அவர் கூப்பிடாம இருந்திருந்தா கொடுத்திருப்பேன்.”

ஒன்பதாம் நாள் ஒரு மணிக்கு, பக்கத்து நாற்காலிக்காரரைக் கால்மணி நேரம் இரண்டு லைனையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் மேடம் அறைக்குப் போனார்கள். வண்டி தப்பாகப் போன கதையை அவர்களே சொன்னார்கள். யாரும் அதை இன்னும் பதிவில் பார்த்திருக்கவில்லை.

மேடம் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். “இதை என்கிட்ட சொல்லாம இருந்திருந்தா?”

“அடுத்த தடவை பதிவைப் பார்க்கும்போது நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க” என்றாள் மதியம்.

“பாதிநாளைக்கு நீங்க சொல்ற லட்சணம் இதுதானா? இதையே காரணமா காட்டி மேல எழுதினா நாளைக்கே மூடிருவாங்க.”

அப்போதுதான் அக்காவுக்கு அந்தக் குரல் வந்தது, அழுகிறவர்களிடம் பேசுகிற குரல். “மேடம், குறை நேரத்தைப் பிரிச்சதுல இல்ல. ஒட்டு போட்ட இடத்துல இருக்கு. பத்து நிமிஷத்துல அவசரமா மாத்திக்கிறோம். அதை அரைமணி ஆக்குங்க. ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து மாத்திக்கிறோம். அப்புறம் ஒருத்தருக்கு வர முடியலைன்னா கூப்பிட மூணாவதா ஒரு ஆள் வேணும். பிரசவ லீவுல இருக்காங்களே, ரெண்டாவது சீட்டுக்காரங்க, அவங்களாலயும் பன்னிரண்டு மணி நேரம் வர முடியாது. வேலையை விடப் போறாங்க. அவங்களைக் கேளுங்க.”

“அந்த அரைமணிக்குச் சம்பளம் கிடைக்காது.”

“தெரியும்.”

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “என் கடைசிப் பொண்ணு மூணு வயசு வரைக்கும் என் அம்மாவைத்தான் அம்மான்னு கூப்பிட்டா. அதை நான் யார்கிட்டயும் பெருமையா சொன்னதில்ல” என்றார். சட்டென்று திரும்பி, “சரி, போய் சீட்ல உட்காருங்க. அங்க ஒருத்தர் ரெண்டு லைன் பார்த்துட்டிருக்கார்” என்றார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

மாசம் முடிந்தது. முதல் தேதி காலையில் அக்கா ஆறேகாலுக்குப் பாப்பாவை எழுப்பினாள், தனக்கு வேலை இருக்கிறதா என்று தெரியாமலேயே. போய்ப் பார்த்தால் பலகையில் ஒட்டியிருந்த ஷிப்ட் அட்டவணையில் நான்காவது நாற்காலிக்கு நேரே இரண்டு பேருடைய ஊழியர் எண்களும் இருந்தன. மூன்று மாசம் நீட்டிப்பு. பொய் எழுதியதற்கு இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம், அது தனியாகக் கோப்பில் போனது. மூன்று மாசம் ஐந்து மாசமாயிற்று. பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: ஏற்பாடு தொடரலாம், ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். பிரசவ லீவில் இருந்தவள் வாரத்துக்கு இரண்டு பாதிநாளும், அவசரத்துக்கு அழைத்தால் வருவதுமாகச் சேர்ந்தாள். அவளுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் ‘சாயந்திரம்’, அவள் ஒருநாள்கூடச் சாயந்திரம் வேலை பார்த்ததில்லை என்றாலும்.

நெஞ்சுவலிக்காரர் மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போனார். அந்த எட்டு நிமிஷம் அவருக்கு என்ன செய்தது என்று டாக்டர்கள் யாரும் சொல்லவில்லை. அக்காவும் மதியமும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை என்று அக்கா ஒத்துக்கொண்டாள்.

இந்த வருஷப் புதுப்பிப்பு இன்னும் வரவில்லை. போன வாரம் பேசும்போது, “மேடம் ரிடையர் ஆகப் போறாங்கடி. புதுசா வர்றவர் எப்படின்னு தெரியலை. ஆள் ரொம்பக் கறாராம்” என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். மதியத்தின் குரல். ஞாயிற்றுக்கிழமை, இப்போது உட்கார முடிகிற மாமனாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறாள். “அப்புறம் பேசறேன், படியில தூக்கி ஏத்தணும்” என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.